வெளிநாட்டுல முதல் பிரசவம்: கடைசி வாரங்கள்ல என்னென்ன ரெடி பண்ணி வைக்கணும்

முதல் குழந்தை, அதுவும் சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இல்லாத நாட்டுலன்னா கடைசி நாலஞ்சு வாரம் ஒரு மாதிரி படபடப்பாவே இருக்கும். வலிய நினைச்சு ஒரு பயம் இருக்கும்தான், ஆனா அதவிட "எப்போ கிளம்பறது, யாருக்கு போன் பண்றது, என்னன்னு சொல்றது"ங்கற பயம்தான் ராத்திரி தூக்கத்த கெடுக்கும். ஊர்ல இருந்தா வீட்டுல பெரியவங்க யாராவது முகத்தப் பார்த்தே, ஏய் இது பிரசவ வலிதான் கிளம்புன்னு சொல்லிடுவாங்க. இங்க போன்ல அந்தப் பக்கம் இருக்கற மிட்வைஃபுக்கு (பிரசவம் பார்க்கறதுக்குன்னே படிச்சவங்க) உங்க முகம் தெரியாது, நீங்க வாயத் திறந்து சொல்றதுதான் தெரியும். அதனால கடைசி வாரத்துல பண்ற ஏற்பாடு எல்லாமே சுத்தி சுத்தி அந்த ஒரு போன் கால்லதான் வந்து நிக்கும், பை ரெடி பண்றது எல்லாம் அதுக்கப்புறம்தான்னு நான் சொல்லுவேன்.

முதல்ல வாரக் கணக்கு

வீட்டுல எல்லாரும் மாசக் கணக்குல பேசுவாங்க, ஒன்பது முடிஞ்சு பத்து நாள் ஆச்சுன்னு. ஆஸ்பத்திரில அது எடுபடாது, அங்க எல்லாமே வாரமும் நாளும்தான். ஃபைல்ல 38+4ன்னு எழுதியிருந்தா 38 வாரம் 4 நாள்னு அர்த்தம். கடைசி பீரியட்ஸ் வந்த முதல் நாள்லேர்ந்து 280 நாள், அதாவது 40 வாரம், அதுதான் ட்யூ டேட் (ஆரம்ப ஸ்கேன்ல அத கொஞ்சம் மாத்தியிருக்கலாம், அப்போ ஸ்கேன்ல சொன்ன தேதியத்தான் பிடிச்சுக்கணும்). 37 வாரத்துக்கு முன்னாடி பிறந்தா குறைப்பிரசவம், 39லேர்ந்து 40 வாரம் 6 நாள் வரைக்கும் முழு டெர்ம், 42 தாண்டினா போஸ்ட் டெர்ம். எந்த நாள் கேட்டாலும் டக்குனு வாரத்துல சொல்ற மாதிரி போன்ல ஒரு ஆப் வச்சுக்கோங்க, உங்க வீட்டுக்காரர் போன்லயும் அதே ஆப் இருக்கட்டும்.

ட்யூ டேட் அன்னிக்கே கரெக்டா பிறக்கற குழந்தை நூத்துக்கு நாலஞ்சுதான். முதல் குழந்தை ஒரு வாரம் தள்ளிப் போறது ரொம்ப சகஜம். அதனால சொந்தக்காரங்ககிட்ட தேதிய சொல்லவே சொல்லாதீங்க, "மாசக் கடைசில இருக்கும்"னு பொதுவா சொல்லி வைங்க. இல்லன்னா தேதி தாண்டின மறுநாள் காலைலேர்ந்து என்னாச்சு என்னாச்சுன்னு போன் வந்துக்கிட்டே இருக்கும், அதுவும் நேர வித்தியாசத்துல உங்களுக்கு நடுராத்திரி அவங்களுக்கு காபி நேரம். குடும்ப குரூப்புக்கு தகவல் சொல்ல ஒரே ஒரு ஆள நியமிச்சுடுங்க, அண்ணியோ தம்பியோ யாரோ ஒருத்தர், எல்லாரும் அவங்கள கேட்டுக்கட்டும்.

அம்மாவோ மாமியாரோ உதவிக்கு வர்றாங்கன்னா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதே கணக்க மனசுல வைங்க. ட்யூ டேட்டுக்கு முந்தின நாள் வந்து இறங்கற மாதிரி போட்டா குழந்தை முந்திக்கும், ரொம்ப சீக்கிரம் போட்டா அவங்க விசா நாள் எல்லாம் காத்திருக்கறதுலயே போயிடும். என் கணக்கு என்னன்னா 37, 38 வாரத்துல வந்து சேரணும், திரும்பற தேதிய 42 வாரத்துல பிறந்தா எப்படின்னு வச்சு அதுலேர்ந்து எண்ணணும். விசாவுக்கு உங்க ஆஸ்பத்திரிலேர்ந்து ட்யூ டேட் போட்ட ஒரு லெட்டர் கேளுங்க, கேட்டா கொடுப்பாங்க. வர்றவங்களுக்கு டிராவல் இன்சூரன்ஸ் கண்டிப்பா எடுங்க, வயசானவங்களுக்கு ஏற்கனவே இருக்கற பிபி, சுகர் எல்லாம் அதுல கவர் ஆகுதான்னு படிச்சுப் பாருங்க. கக்குவான் இருமல் தடுப்பூசியும் கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுக்கச் சொல்லுங்க, பச்சக் குழந்தைக்கு அது வந்தா ரொம்ப ஆபத்து.

நாமளே ஊருக்குப் போயிடலாமான்னு இந்த நேரத்துல திடீர்னு தோணும், எல்லாருக்கும் தோணும்போல. பெரும்பாலான ஏர்லைன்ஸ் 28 வாரத்துக்கு மேல டாக்டர் லெட்டர் கேக்கும், ஒத்தக் குழந்தைன்னா 36 வாரத்துக்கு மேல ஏத்தவே மாட்டாங்க, ரெட்டைன்னா 32லயே நிறுத்திடுவாங்க. அதனால 35 வாரத்துல உக்கார்ந்து யோசிக்கற விஷயமே இல்ல இது.

ஆஸ்பத்திரி நடைமுறை வேற மாதிரி இருக்கும், பதறாதீங்க

நிறைய நாட்டுல சிக்கல் இல்லாத பிரசவத்த மிட்வைஃப்தான் பார்ப்பாங்க, டாக்டர் எட்டிக்கூட பார்க்கமாட்டார், ஏதாவது பிரச்சனைன்னாதான் வருவார். கடைசி மாசத்துல ஸ்கேன் எடுக்காமலே விடுவாங்க, டேப்ப வச்சு வயித்த அளப்பாங்க, எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர், ரெண்டு மூணு முன்ன பின்ன இருக்கலாம். இத ஊருக்குச் சொன்னா "என்னடி ஸ்கேன் கூட எடுக்கலியா, வேற டாக்டர பாரு"ம்பாங்க. அளவு சரியா ஏறிக்கிட்டு வருது, பிபி, யூரின் நார்மல், குழந்தை நல்லா அசையுதுன்னா அவங்க பண்றது முறைப்படிதான். கொடி கழுத்துல சுத்தியிருக்குமோன்னு ஒரு பயம் வேற கிளப்புவாங்க, பிறக்கற நாலஞ்சு குழந்தைல ஒண்ணுக்கு கொடி சுத்தித்தான் இருக்கும், பெரும்பாலும் தலை வெளிய வந்ததும் அப்படியே விரலால எடுத்து விட்டுட்டு போயிட்டே இருப்பாங்க.

ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதும் இருக்கு, 36 வாரம் செக்கப்புக்குப் போறப்போ ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க. தலை கீழ திரும்பிருச்சா? திரும்பலன்னா வெளியிலேர்ந்து கையால மெதுவா திருப்பிப் பார்க்கறத 36, 37 வாரத்துல பண்ணுவாங்க, கிட்டத்தட்ட பாதி பேருக்கு அது பலிக்கும். என் ரத்த குரூப் நெகட்டிவா, அப்படின்னா குழந்தையோட ரத்தத்த என் உடம்பு எதிர்க்காம இருக்க போடற ஆன்டி-டி ஊசி போட்டாச்சா, பிரசவத்துக்கு அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு போடுவீங்களா? ஜிபிஎஸ்னு ஒரு கிருமி டெஸ்ட் இருக்கு, சில நாட்டுல 36 வாரத்துல எல்லாருக்கும் எடுப்பாங்க, சில நாட்டுல எடுக்கவே மாட்டாங்க, பாசிட்டிவ்னா வலி வந்ததும் ஆன்டிபயாடிக் ஏத்தணும், அதனால அவங்க சீக்கிரமே கிளம்பி வரணும். எத்தனை வாரம் வரைக்கும் காத்திருப்பீங்க, எப்போ வலி வரவழைப்பீங்க? பெரும்பாலும் 41 தாண்டி பேச்ச எடுப்பாங்க, சுகர் பிபி இருந்தா அதுக்கு முன்னாடியே.

இன்னொண்ணு மொழி. ஆபீஸ்ல அந்த ஊர் மொழிய பொளந்து கட்டறவங்களுக்கும் வலில வாய்ல தாய்மொழிதான் வரும். மொழிபெயர்ப்பாளர் வசதி நிறைய ஆஸ்பத்திரில இருக்கு, போன்லயே தமிழ் ஆள் பேசுவாங்க, ஆனா நடுராத்திரி போய் கேட்டா உடனே கிடைக்காம போகலாம், அதனால முன்னாடியே சொல்லி ஃபைல்ல எழுத வச்சுடுங்க. வீட்டுக்காரருக்கு மொழி நல்லா தெரியுமேன்னு விட்டுடாதீங்க, அவரே பதட்டத்துல இருப்பார், ஆபரேஷனுக்கு சம்மதம் கேக்கற நேரத்துல டாக்டர் சொல்றத அவர் பாதிய முழுங்கிட்டு மீதிய உங்களுக்கு சொல்லுவார். வலி தெரியாம இருக்க முதுகுல போடற எபிடியூரல் ஊசி போட்டுக்கறதா இருந்தா அதோட நோட்டீஸ இப்பவே வாங்கி நிதானமா படிங்க, என்ன நல்லது என்ன பக்கவிளைவுன்னு வலி இல்லாத நேரத்துல புரிஞ்சுக்கணும், ரெண்டு வலிக்கு நடுவுல கிடைக்கற மூணு நிமிஷத்துல புரியாது. எபிடியூரல் போட்டுக்கறது தப்புன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க, போடாம இருக்கறது பெருமைன்னும் இல்ல, அது உங்க உடம்பு உங்க முடிவு.

அந்த போன் கால்

ஃபைல்ல ஒரு நம்பர் இருக்கும், லேபர் வார்டோட 24 மணி நேர நம்பர். அத ரெண்டு பேர் போன்லயும் சேவ் பண்ணுங்க, பேப்பர்ல பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. அதுக்குக் கீழயே நீங்க சொல்ல வேண்டியத அந்த ஊர் மொழில எழுதி வைங்க, உச்சரிப்பு வராதுன்னா தமிழ் எழுத்துல எழுதிக்கோங்க யாரும் பார்க்கப் போறதில்ல. விஷயம் இந்த வரிசைல இருந்தா போதும்: பேரு, பிறந்த தேதி, ஃபைல் நம்பர். முதல் குழந்தை, 39 வாரம் 2 நாள். வலி ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் 50 செகண்ட், ராத்திரி பத்து மணிலேர்ந்து. பனிக்குடம் உடைஞ்சிருச்சா இல்லையா, உடைஞ்சா எத்தனை மணிக்கு, என்ன கலர். ரத்தம் உண்டா. குழந்தை அசையுதா. சுகர், பிபி, ஜிபிஎஸ், பழைய ஆபரேஷன் மாதிரி ஏதாவது உண்டா. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்.

பேசறது நீங்களா இருக்கணும், வீட்டுக்காரர் இல்ல. மிட்வைஃப் வேணும்னே பேச்ச இழுத்துக்கிட்டே இருப்பாங்க, நடுவுல ஒரு வலி வந்தா நீங்க பேச்ச நிறுத்தறீங்களா, மூச்சு எப்படி வாங்கறீங்கன்னு காதுல கேட்டுத்தான் எந்த நிலைல இருக்கீங்கன்னு கணிப்பாங்க. வலி எவ்வளவுன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள நம்பர் கேப்பாங்க. நம்ம பொண்ணுங்க நிறைய பேர் எட்டு இருக்கறப்போ கூச்சப்பட்டு அஞ்சுன்னு சொல்லிடுவாங்க, எதுக்கு அவங்கள தொந்தரவு பண்ணணும்னு. எட்டுன்னா எட்டுன்னே சொல்லுங்க. "தொந்தரவுக்கு மன்னிக்கணும்"னு ஆரம்பிக்கவே வேணாம், அந்த வார்டுல போன எடுக்கறதே அவங்க வேலைதான், ஒரே நாள்ல ரெண்டு தடவ கூப்பிட்டாலும் தப்பில்ல. அவங்க சொன்ன பதில் மனசுக்கு ஒத்துவரலன்னா "எனக்கு பயமா இருக்கு, நேர்ல வந்து செக் பண்ணிக்கறேன்"னு சொல்லுங்க, இந்த ஒரு வரிய அந்த ஊர் மொழில மனப்பாடமே பண்ணி வைங்க.

யோசிக்காம உடனே கூப்பிட வேண்டியவை

குழந்தை அசைவு குறைஞ்சா. இத முதல்ல சொல்றேன் ஏன்னா கடைசில இடம் இல்லாம குழந்தை அசையாதுன்னு ஒரு பேச்சு எல்லா ஊர்லயும் ஓடுது, அது தப்பு. உதைக்கறது போய் உருண்டு நகர்ற மாதிரி மாறலாம், ஆனா எத்தனை தடவைங்கறது குறையக்கூடாது, பிரசவ வலி வர்ற வரைக்கும் அசையணும். வழக்கத்தவிட கம்மியா தெரியுதுன்னா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து கவனிங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரலன்னா போன், விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அசைவே சுத்தமா இல்லன்னா அந்த ரெண்டு மணி நேரம்கூட வேணாம். வீட்டுலயே இதயத்துடிப்பு கேக்கற மெஷின் விக்கறாங்களே, அத வாங்காதீங்க, அதுல கேக்கற சத்தம் உங்க ரத்த ஓட்டமாவும் இருக்கலாம், நல்லாத்தான் இருக்குன்னு பொய்யா நிம்மதி ஆகி லேட் பண்ணிடுவீங்க.

விடாத தலைவலி, கண்ணு முன்னாடி மின்னற மாதிரி இல்ல மங்கலா தெரியறது, வலது பக்க விலா எலும்புக்குக் கீழ வலி, திடீர்னு முகமும் கையும் வீங்கறது. இது பிபி ஏறற ப்ரீஎக்லாம்சியாவா இருக்கலாம், 140/90 தாண்டினாலே அவங்க பார்க்கணும். கால் வீக்கம் மட்டும்னா கடைசி மாசத்துல சகஜம், முகம் வீங்கினா சகஜம் இல்ல.

உள்ளங்கை உள்ளங்கால்ல அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லாம, ராத்திரில ஜாஸ்தியா இருக்கும். இத வறட்சின்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு விட்டுடுவோம். பித்த நீர் கல்லீரல்ல தேங்கறதால வர்ற அரிப்பு இது, தெற்காசியப் பெண்களுக்கு மத்தவங்கள விட கொஞ்சம் அதிகமா வருது. ரத்தத்துல பைல் ஆசிட் டெஸ்ட் பண்ணுங்கன்னு நீங்களே பேர் சொல்லிக் கேளுங்க, அளவு ரொம்ப ஏறினா குழந்தைக்கு ஆபத்து, கொஞ்சம் முன்னாடியே பிரசவம் பண்ண வைப்பாங்க.

ரத்தம் போறது. சளி மாதிரி ஜவ்வா வந்து அதுல லேசா ரத்தக் கீறல் இருந்தா அது கர்ப்பப்பை வாய் திறக்க ரெடியாகுதுன்னு அர்த்தம், வலி இன்னிக்கும் வரலாம் நாலு நாள் கழிச்சும் வரலாம். பீரியட்ஸ் மாதிரி சிவப்பா போனா இல்ல வயிறு விடாம கல்லு மாதிரி இறுகி வலிச்சா ஆம்புலன்ஸ்.

பனிக்குடம் உடையறது சினிமால வர்ற மாதிரி எப்பவும் தரை எல்லாம் தண்ணியா ஓடாது. நிறைய பேருக்கு சொட்டு சொட்டாத்தான் கசியும், யூரினான்னு சந்தேகமாவே இருக்கும். பாத்ரூம் போயிட்டு வந்து ஒரு வெள்ளை பேட் வச்சுக்கிட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க, மறுபடி நனைஞ்சிருந்து மஞ்சள் இல்லாம யூரின் வாடை இல்லாம இருந்தா அது பனிக்குடத் தண்ணியாத்தான் இருக்கும். அந்த பேட்ட தூக்கிப் போடாதீங்க, கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கேப்பாங்க. தண்ணி தெளிவாவோ லேசா இளஞ்சிவப்பாவோ இருந்தா போன் பண்ணிட்டு அவங்க சொல்றபடி செய்யலாம், பாதிக்கு மேல பேருக்கு அடுத்த 24 மணி நேரத்துக்குள்ள வலி தானா வந்துடும். பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா குழந்தை உள்ள மலம் போயிருக்கு, உடனே கிளம்பணும். கொடி மாதிரி ஏதாவது வெளிய தட்டுப்பட்டா முட்டி போட்டு தலைய தாழ்த்தி இடுப்ப உயர்த்தி வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

ஆம்புலன்ஸ் நம்பர் ஊர்ல இருக்கற நம்பர் இல்லங்கறது பதட்டத்துல மறந்து போகும். உங்க வீட்டு அட்ரஸ தெரு பேரோட, எந்த மாடி, எந்த பெல்னு சத்தமா சொல்லிப் பழகுங்க. தனியா இருக்கறப்போ கூப்பிட்டா முதல் வேலையா வாசக் கதவ திறந்து வைங்க, அப்புறம் போய் படுங்க.

வலி வந்ததும்

சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் ஒண்ணுதான், நடந்தா, குளிச்சா, தண்ணி குடிச்சா அடங்கிட்டா அது சூட்டு வலி. நிஜ வலி எது பண்ணினாலும் அடங்காது, இடைவெளி குறையும், நேரம் கூடும், பலம் கூடும். ஒரு வலி ஆரம்பிக்கற நேரத்துலேர்ந்து அடுத்த வலி ஆரம்பிக்கற நேரம் வரைக்கும் எண்ணணும், முடியற நேரத்துலேர்ந்து இல்ல. முதல் குழந்தைக்கு பொதுவா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் வந்தா கிளம்பலாம்னு சொல்வாங்க, சில ஆஸ்பத்திரில மூணு நிமிஷம்பாங்க, உங்களது எதுன்னு கேட்டு வைங்க. தூரம் ஜாஸ்தி, பனிக்காலம், ராத்திரி டாக்ஸி கிடைக்காதுன்னா இந்தக் கணக்க கொஞ்சம் முன்னாடி இழுத்துக்கணும்.

போனதும் செக் பண்ணிட்டு கர்ப்பப்பை வாய் ரெண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிடலாம். விரட்டிட்டாங்களேன்னு அழுதுடாதீங்க, இது முதல் பிரசவத்துல ரொம்ப சாதாரணம். 2018ல உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டல்படி 5 சென்டிமீட்டர்லேர்ந்துதான் வேகமான கட்டம், அதுக்கு முன்னாடி இருக்கற கட்டத்துக்கு நேரக் கணக்கே கிடையாது, ஒரு நாள் முழுக்கக்கூட இழுக்கலாம். 5க்கு அப்புறம் முதல் குழந்தைக்கு பொதுவா 12 மணி நேரத்த தாண்டாது, முக்கற கட்டம் 3 மணி நேரத்துக்குள்ள. அந்த முதல் கட்டத்துல வீட்டுல சாப்பிடணும், தூங்கணும், சுடுதண்ணில நிக்கணும், யாருக்கும் வீடியோ கால் பண்ணக்கூடாது. ஒரு ஊரே போன்ல உக்கார்ந்து ஆளாளுக்கு யோசனை சொன்னா உங்களுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது.

கூட யார் இருப்பாங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. வீட்டுக்காரர் வேற ஊருக்கு வேலையா போற ஆள்னா 37 வாரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிடணும், அப்படியும் ரெண்டாவதா ஒரு ஆள் வேணும், ராத்திரி மூணு மணிக்கு கூப்பிட்டா எடுக்கற ஆள், வீட்டுச் சாவி ஒண்ணு அவங்ககிட்ட. தோழியோ பக்கத்து வீட்டுக்காரங்களோ யாரா இருந்தாலும் "அவசரம்னா கூப்பிடறேன்"னு பொதுவா விடாம, இந்த ரெண்டு வாரம் ஊர்ல இருப்பீங்களா, கார் இருக்குமான்னு நேரா கேளுங்க. யாருமே இல்லன்னா மிட்வைஃப்கிட்ட சொல்லுங்க, பிரசவத் துணைக்கு ஆள் ஏற்பாடு பண்ற வழி சில ஊர்ல இருக்கு.

ஒரு தடவை ராத்திரில ஆஸ்பத்திரி வரைக்கும் போய் பார்த்துட்டு வாங்க. பகல்ல போற மெயின் கதவு ராத்திரி பூட்டியிருக்கும், எமர்ஜென்சி வழியா சுத்திப் போகணும், லிஃப்ட் எந்தப் பக்கம், பார்க்கிங் மெஷின் கார்டு எடுக்குமா காசு கேக்குமா, இதெல்லாம் வலியோட நின்னு தேடற விஷயம் இல்ல.

பை

36 வாரத்துல ரெடியா இருக்கணும். லிஸ்ட் எல்லா இடத்துலயும் கிடைக்கும், அதனால நான் அதுல வராதத மட்டும் சொல்றேன். நீளமான ஒயர் உள்ள சார்ஜர், ஏன்னா பிளக் எப்பவும் கட்டில்லேர்ந்து தூரமாத்தான் இருக்கும். முன்பக்கம் திறக்கற கலரான நைட்டி ரெண்டு மூணு. ஆஸ்பத்திரி பேட் சில நாட்டுல தருவாங்க சில நாட்டுல நீங்களே கொண்டு போகணும், கேட்டுக்கோங்க. இடுப்புல ஏறி வர்ற பெரிய காட்டன் உள்ளாடை, சிசேரியன் ஆனா தையல்ல உரசாது. உதட்டுக்கு தடவ ஏதாவது, அந்த ரூம் காத்துல உதடு வெடிச்சுடும். பாஸ்போர்ட், விசா கார்டு, இன்சூரன்ஸ் கார்டு, ஆஸ்பத்திரி ஃபைல், கல்யாண சர்டிபிகேட் காப்பி எல்லாம் ஒரே கவர்ல. குழந்தைக்கு ரெண்டு சைஸ்ல துணி, பிறந்த சைஸ் எல்லா குழந்தைக்கும் சரியா இருக்காது.

கார் இருந்தாலும் இல்லாட்டியும் குழந்தை சீட் பத்தி யோசிங்க, டாக்ஸில போனாலும் பச்சக் குழந்தைய மடில வச்சுக்கிட்டுப் போக பல நாட்டுல சட்டம் விடாது. பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டற சீட், அத முன்னாடியே நாலு தடவ மாட்டி கழட்டிப் பழகணும். குளிர் நாட்டுல தடியான ஜாக்கெட் போட்டு பெல்ட் மாட்டாதீங்க, ஜாக்கெட் அமுங்கி பெல்ட் தளர்ந்துடும், பெல்ட மாட்டிட்டு மேல போர்வை போடுங்க.

வீட்டுக்கு எப்போ அனுப்புவாங்கன்னா நார்மல்னா ஒண்ணு ரெண்டு நாள், சில இடத்துல அன்னிக்கே, சிசேரியன்னா ரெண்டுலேர்ந்து நாலு நாள். வீட்டுல உதவிக்கு ஆள் இல்லன்னா முதல் ரெண்டு வாரத்துக்கு சூடு பண்ணி சாப்பிடற மாதிரி ஃப்ரீசர்ல சாப்பாடு அடுக்கி வைங்க, இந்த ஒரு வேலைய 38 வாரத்துக்கு மேல தள்ளிப் போடாதீங்க, அப்புறம் அடுப்புகிட்ட நிக்கவே முடியாது.

வீட்டுக்கு வந்தப்புறம் பார்க்க வேண்டியது

பிரசவம் முடிஞ்சாலும் அந்த நம்பர ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்துடாதீங்க. ஒரு மணி நேரத்துல ஒரு பெரிய பேட் முழுசா நனைஞ்சா, பெரிய கட்டி கட்டியா போனா, 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, முன்னாடி சொன்ன அந்த விடாத தலைவலி வந்தா உடனே கூப்பிடணும். பிபி பிரச்சனை குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைக்கும் வரலாம். மூணாவது நாள் நாலாவது நாள் காரணமே இல்லாம அழுகையா வரும், ரெண்டு வாரத்துல சரியாயிடும். சரியாகலன்னா, இல்ல குழந்தைய பார்க்கவே பிடிக்கல, செத்துடலாம்போல இருக்குன்னு தோணினா, அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம், அன்னிக்கே வாய்விட்டு சொல்லிடுங்க. தனியா இருக்கற ஊர்ல இத யாரும் தானா கண்டுபிடிக்க மாட்டாங்க.

குழந்தைக்கு அஞ்சாவது நாள்லேர்ந்து ஒரு நாளைக்கு ஆறு ஈர டயபராவது வரணும், அதுதான் பால் போதுதான்னு பார்க்கற வழி. மஞ்சள் காமாலை நம்ம நிறத்துல தோல பார்த்து சட்டுனு தெரியாது, நர்ஸ் பார்த்துட்டு ஓகேன்னாலும் நீங்க பகல் வெளிச்சத்துல கண் வெள்ளையையும் ஈறையும் பாருங்க, சந்தேகம்னா ரத்தத்துல இல்ல மெஷின் வச்சு அளக்கச் சொல்லுங்க. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சள் தெரிஞ்சாலும், மூணு மாசத்துக்குள்ள 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரி. மல்லாக்கதான் படுக்க வைக்கணும், தலையணை வேணாம்.

பேப்பர் வேலை

இத முழுசா வீட்டுக்காரர் தலைல கட்டிடுங்க. பிறப்பு பதிவுக்கு கெடு நாட்டுக்கு நாடு எக்கச்சக்கமா மாறும், பிரான்ஸ்ல 5 நாள், ஜெர்மனில ஒரு வாரம், ஜப்பான்ல 14 நாள், இங்கிலாந்துல 42 நாள். பேர் வைக்க சாவகாசமா ஜாதகம் பார்த்துக்கலாம்னு நினைச்சா 5 நாள் கெடு இருக்கற ஊர்ல திண்டாட்டம்தான், பேரும் அத ஆங்கிலத்துல எழுதற எழுத்தும் 38 வாரத்துலயே முடிவாகட்டும். இனிஷியல் பழக்கம் அந்த ஊர் ஃபார்ம்ல செல்லாது, குடும்பப் பேர்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எத போடப் போறீங்கன்னு ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

அங்க பிறந்தா அந்த நாட்டு குடியுரிமை தானா வந்துடும்னு எல்லா இடத்துலயும் கிடையாது. கனடால கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு, இங்கிலாந்துல 1983லேர்ந்து அப்பா அம்மாவோட விசா நிலைய பொறுத்துதான். உங்க பாஸ்போர்ட்படி குழந்தைக்கு குடியுரிமை வாங்கறதுன்னா தூதரகத்துல பதியணும், இந்திய பாஸ்போர்ட்காரங்கன்னா பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள. குழந்தைக்கு தனி விசா தேவைப்படலாம், இன்சூரன்ஸ்ல சேர்க்க சில கம்பெனில 30 நாள்தான் டைம். பிறப்பு சர்டிபிகேட்டுல மூணு நாலு காப்பி சேர்த்தே வாங்கிடுங்க, பின்னாடி தனியா வாங்க மறுபடி நடக்கணும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டூடியோ தேடி அலைய வேணாம், பால் குடிச்சு முழிச்சிருக்கற நேரமா பார்த்து சுருக்கமில்லாத வெள்ளைத் துணில குழந்தைய மல்லாக்க படுக்க வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல நிழல் விழாம நேர் மேலேர்ந்து எடுங்க, யார் கையும் படத்துல தெரியக்கூடாது. அளவும் விதியும் தூதரக வெப்சைட்ல போட்டிருக்கும், பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒத்துப் பார்த்துக்கோங்க.